பதுங்கு குழியும் காப்பரணும்

ஈழத்துப் பேச்சுவழக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: பங்கர். முற்றத்தில் ஒரு குடும்பம் வெட்டிய குழியும் பங்கர். முன்னரங்கில் துவக்கோடு ஆள் நின்ற இடமும் பங்கர். எழுத்துத் தமிழோ முன்னதைப் பதுங்கு குழி என்றும் பின்னதைக் காப்பரண் என்றும் பிரித்தது.

ஸ்கொட்லாந்தில் பெட்டி இருக்கையைக் குறித்த சொல் பங்கர். பின்னர் கப்பலில் நிலக்கரி கொட்டிவைக்கும் அறைக்கும், கோல்ஃப் திடலின் மணற்குழிக்கும் பெயரானது. போர்ப் பொருள் அதற்குப் பிந்தியே வந்தது.

அரண் பழந்தமிழ்ச் சொல். திருக்குறளின் 75ஆம் அதிகாரத்துக்கு அதுவே பெயர். உள்ளிருப்போர் பகைவரைத் தடுத்துப் போரிடுவதற்கான இடம் அது. காப்பரணிலும் அந்தப் பொருள் குலையவில்லை. சுடுவதற்கு அதில் துவாரம் இருக்கும். பதுங்கு குழியில் அது இல்லை. புலி பதுங்குவது பாய்வதற்கே என்பார்கள்; பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு குழிக்குள் குந்தியிருந்த ஆச்சி எதன்மேல் பாய்வார்?

அந்தக் குழியை வெட்டுவதிலும் ஓர் அறிவு இருந்தது. நேராக வெட்டாமல் 'ட' வடிவில் மடக்கினால், வாசலில் வெடிக்கும் ஷெல்லின் சிதறல் உள்ளே இருப்பவரை எட்டாது. மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை பரப்புவார்கள். சிதறலுக்கு அது போதும். கிபீர் போர்விமானம் வீசிய குண்டு நேரே விழுந்தால் போதாது. மாரியில் வெள்ளம் நிரம்பும், பாம்பு வரும், ஆனாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். 2009இல் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் மண்ணே சனங்களைக் கைவிட்டது. மணல் சரிந்தது, சற்று ஆழம் போனால் தண்ணீர் ஊறியது. பெண்கள் தங்கள் சேலைகளைப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பிச் சுற்றிலும் அடுக்கினார்கள். சொல் அதே பதுங்கு குழிதான். குழி என்று சொல்ல அங்கே ஆழம் இருக்கவில்லை.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் எல்லைப் படைவீரர் நிற்கும் இடமும் பதுங்கு குழி என்றே அச்சாகிறது. அங்கே அது வழக்கு. ஈழத்துச் செய்தியில் அப்படிக் கலப்பது தீங்கு. 'பங்கர் தகர்ப்பு' என்று ஒரு வரி வந்தால், செத்தது படையாளா, வீட்டுக்காரரா என்று வாசகருக்குத் தெரியாது. அந்தப் போர் ஆண்டுகளின் வாக்குமூலங்களையும் நினைவுக்குறிப்புகளையும் மொழிபெயர்ப்பவர்களிடம் கேட்கிறேன்: சொன்னவர் பங்கர் என்று சொல்லியிருந்தால், எந்தப் பங்கர் என்று விசாரித்த பிறகு எழுதுங்கள்.