மானிப்பாயில் தமிழ் பேசிய உடற்றொழிலியல்

லிந்துலைப் பக்கத்துப் பாடசாலையொன்றிலே உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி, இருதயத்தைச் சோணையறை, இதயவறை எனப் பகுத்துப் படிக்கின்றாள். குருதிச் சுற்றோட்டத்தைத் தமிழிலேயே விளக்கிப் பரீட்சையும் எழுதுகின்றாள். அவளே பேராதனை மருத்துவ பீடத்திற் காலடி வைத்ததும், அதே இருதயத்தை ஆங்கிலத்தில் மீண்டும் கற்றாக வேண்டும். பல்கலைக்கழக நிலையில் உடற்றொழிலியலைத் தமிழிற் சொல்ல இயலாதென்பார் உளர். சொல்லிக் காட்டியவர் ஒருவர் இந்நாட்டிலேயே இருந்தார்.

அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 1822இற் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு மாணாக்கருக்கு மேனாட்டு வைத்தியமும் கற்பித்தார். முதலிற் கற்பித்தது ஆங்கிலத்திலேதான். ஆனால், ஆங்கிலங் கற்ற வைத்தியர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டார். தமிழிற் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்று எண்ணினார். 1857இல் தாயகஞ் சென்று 1862இல் மீண்டு வந்தபின், தமிழிலேயே வகுப்பு நடத்தலானார். அவரிடம் கற்றுத் தேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! கிரே என்பாரின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. இரசாயனம் ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. முன்னது வடமொழிச் சொல். பின்னது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டியது. செவிக்கு இனிய சொல்லன்றுதான். ஆயினும், நல்ல சொல் பிறக்குமட்டும் பாடத்தை நிறுத்தி வைக்க அவர் உடன்படவில்லை.

உடற்றொழிலியலுக்கு அவர் வழங்கிய பெயர் சுகரணம். நியூயோர்க்கிற் பேராசிரியராயிருந்த டால்ற்றன் 1859இல் வெளியிட்ட நூலை அமெரிக்க வைத்திய மாணவர் பாடநூலாகப் பயின்றனர். அந்நூலே 1883இல் ‘மனுஷ சுகரணம்’ எனத் தமிழில் வந்தது. கிறீனோ 1873இலேயே ஈழத்தை விட்டுப் போயிருந்தார். நூல் வந்த மறு ஆண்டிலே அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியர் என்பதே தமது கல்லறையிற் பொறிக்குமாறு அவர் கேட்டுக்கொண்ட பட்டம்.

அவருடைய தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இல் தோன்றிய வைத்தியப் பாடசாலை ஆங்கிலத்திலேயே நடந்தது. அதுவே நாட்டின் வழியாயிற்று.

மலைநாட்டுக்கோ மானிப்பாயின் வெளிச்சம் எட்டவேயில்லை. கிறீன் பாடஞ் சொன்ன அதே ஆண்டுகளில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழி நடந்து, காப்பித் தோட்டங்களை அடைந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் பலர். ‘மனுஷ சுகரணம்’ அச்சேறியபோது, மலைச்சரிவுகளிற் காப்பி நோயால் அழிந்து தேயிலை எழுந்துகொண்டிருந்தது. லயத்துப் பிள்ளைக்கு அக்காலத்தில் அரிச்சுவடியே அரிது.

1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. பாடசாலை விஞ்ஞானம் தமிழுக்கு வந்தது. பேராதனையில் 1962இல் தொடங்கிய மருத்துவ பீடத்தில் ஆங்கிலமே நின்றது. லிந்துலை மாணவியின் சோணையறை பாடசாலை வாயிலோடு நின்றுவிடுகின்றது.