பலமா, நெகிழ்வா? ட்ரையல்ஸ் போட்டியின் நூறாண்டு விவாதம்

மோட்டார் சைக்கிள் போட்டி என்றதும் எமக்கு வேகமே நினைவுக்கு வருகிறது. வேகத்தைப் பெரிதாகக் கொள்ளாத மோட்டார் சைக்கிள் போட்டியொன்றும் உண்டு. ட்ரையல்ஸ் எனப்படும் அப்போட்டியில் பாறைகள், ஓடைப்படுகைகள், சேற்றுச் சரிவுகள் மீது கால் ஊன்றாமல் வண்டியைச் செலுத்த வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு தண்டப் புள்ளி, இரு தடவை ஊன்றினால் இரண்டு, அதற்கு மேல் மூன்று. விழுந்தால் ஐந்து. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

இதற்கு உடற்பலம் வேண்டுமா, உடலின் நெகிழ்வு வேண்டுமா என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. யாரைப் பயிற்சிக்குச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதையும் இவ்விவாதமே தீர்மானித்து வந்திருக்கிறது என்பதால் அதன் வரலாற்றைச் சற்று நோக்குவது பயனுடையது.

ஸ்கொட்லாந்தின் புகழ்பெற்ற ஆறு நாள் போட்டியின் தொடக்கம் 1909 இல். அக்கால வண்டிகள் பாரமானவை. சரியும் வண்டியைத் தாங்கிப் பிடிக்கத் தோளிலும் தொடையிலும் வலு வேண்டியிருந்தது. 'பலசாலியின் விளையாட்டு' என்ற எண்ணம் இங்கிருந்தே பிறந்தது. ஆயினும் அக்காலத்திலேயே அதற்கு மறுப்பும் இருந்தது. ட்ரையல்ஸுக்கு நெருங்கிய உறவினதான சர்வதேச ஆறு நாள் போட்டியில், 1927 இல் மார்ஜரி கொட்டில் உள்ளிட்ட மூன்று பெண்களைக் கொண்ட பிரித்தானிய அணி வெள்ளிக் கிண்ணத்தை வென்றது.

பெரும் திருப்பம் 1965 இல் நிகழ்ந்தது. பெல்ஃபாஸ்டில் பிறந்த சமி மில்லர், 500 சிசி ஏரியல் வண்டியில் பிரித்தானியாவின் தலைசிறந்த வீரராகத் திகழ்ந்தவர். தமது வண்டியின் எடையைக் குறைப்பதிலேயே ஆண்டுக்கணக்கில் ஈடுபட்ட அவர், 1964 இன் இறுதியில் ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்துடன் இணைந்தார். அங்கு உருவான 250 சிசி ஷெர்பா வண்டி ஏறத்தாழ 90 கிலோ எடையே கொண்டது. 1965 இல் அவ்வண்டியிலேயே அவர் ஸ்கொட்லாந்துப் போட்டியை வென்றார். பாரமான பிரித்தானிய வண்டிகளின் காலம் அத்துடன் முடிவுக்கு வரத் தொடங்கியது. இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது ஒன்றுண்டு. அதுவரை வீரரிடம் கேட்கப்பட்ட பலத்தில் பெரும்பகுதி விளையாட்டின் தேவை அல்ல. அது வண்டியின் பாரத்தால் வந்த தேவை.

வண்டி இலேசானதும் உடல் விடுதலை பெற்றது. 1979 இல் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கரான பேர்னி ஷ்ரைபர், முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியை நின்ற இடத்திலேயே திருப்பும் உத்திகளால் பெயர் பெற்றார். மாறாக, 1982 முதல் 1984 வரை ஹொண்டா வண்டியில் மூன்று பட்டங்களை வென்ற பெல்ஜியத்தின் எடி லெஜுன், இடையறாது உருண்டு செல்லும் பழைய பாணியையே பேணினார். அடுத்து வந்த கற்றலோனிய வீரர் ஜோர்டி தர்ரெஸ், 1987 க்கும் 1995 க்கும் இடையில் ஏழு பட்டங்களை வென்றார். அவர் துவிச்சக்கர வண்டி ட்ரையல்ஸில் பயின்று வந்தவர். இயந்திரம் இல்லாத வண்டியில் பாறை ஏறப் பழகியவருக்கு, உடலை எப்போது வளைப்பது, எப்போது நிமிர்த்துவது என்பதே முதற்பாடம்.

நெகிழ்வு ஏன் அவசியம்? வீரர் கால்தாங்கிகளில் நின்றபடியே செல்கிறார். வண்டி ஒருபுறம் சாயும்போது அவரது இடுப்பு மறுபுறம் செல்ல வேண்டும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் இறுகியிருந்தால், வண்டியோடு உடலும் சாய்ந்து கால் நிலத்தைத் தேடும். கைகள் விறைத்திருந்தால் முன்சக்கரம் வாங்கும் அடி நேரே உடலைத் தாக்கும். பிடியை இறுக்கினால் முன்கை களைத்து, கிளட்ச்சை இயக்கும் ஒற்றை விரல் உரிய கணத்தில் தவறிவிடும்.

அப்படியானால் பலம் தோற்றுவிட்டதா? இல்லை. 2007 முதல் 2024 வரை ஆண்டு தவறாது உலகப் பட்டம் வென்ற டொனி பூ, ஆளுயரத் தடைகள் மீது வண்டியோடு பாய்பவர். அவரும் துவிச்சக்கர வண்டியிலிருந்து வந்தவரே. அப்பாய்ச்சலுக்குக் கால்களில் பெரும் வலு வேண்டும். ஆனால் முழங்கால் ஆழமாக வளைந்தால்தான் அவ்வலு வெளிப்படுவதற்கு இடம் கிடைக்கும். தாங்கிப் பிடிக்கும் பலம் போய், ஒரு கணத்தில் வெடித்து மறு கணத்தில் தளரும் பலம் வந்திருக்கிறது.

விதிகளும் இவ்விவாதத்தில் பங்கு வகிக்கின்றன. 2013 இல் உலகப் போட்டியில் இடையில் நிற்பதற்குத் தடை வந்தபோது, நின்ற இடத்தில் துள்ளிச் சமநிலை பேணும் திறன் மதிப்பிழந்து, உருண்டோடும் இலாவகம் மீண்டும் மதிப்புப் பெற்றது.

ஸ்பெயினின் லாயா சான்ஸ், 2000 ஆம் ஆண்டில் தமது 14 ஆவது வயதில் பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றார். 2013 வரையான காலத்தில் 2007 தவிர்ந்த எல்லா ஆண்டுகளிலும் பட்டம் அவருடையதே; மொத்தம் 13. 'கையில் பலமில்லை' என்று ஒரு சிறுமியையோ மெலிந்த சிறுவனையோ திருப்பி அனுப்பும் பயிற்றுநர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்திருப்பது நல்லது. பலத்தைப் பின்னர் வளர்த்துக்கொள்ளலாம். வண்டியோடு வளையக் கற்பதற்குச் சிறுவயதே உகந்தது. அதற்கு ஒரு துவிச்சக்கர வண்டியும் நாலு கற்களும் போதும்.