முன்பாரம்

டெக்கா சென்டரை ஒட்டி பஃபலோ ரோடு. கொஞ்சம் தள்ளி கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். அங்கிருந்து பக்கத்திலேயே பெலிலியோஸ் லேன். கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரியின் பெயர். மாட்டுக்குத் தெரு இருக்கு, வியாபாரிக்கும் இருக்கு. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் சரக்கையும் தண்ணீரையும் இழுத்த மாட்டுவண்டிகளை ஓட்டியவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். அவர்கள் பெயரில் எதுவும் என் கண்ணில் படவில்லை. சைனாடவுனின் கிரேத்தா ஆயர்கூட 'தண்ணீர் வண்டி'தான், வண்டிக்காரர் இல்லை.

ரேஞ்ச் ரோவர் 3,500 கிலோ டிரெய்லரை இழுக்கும். அதற்கு டிரெய்லர் எடையில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். ரொம்பக் கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். இதைப் பல்கலைக்கழகத்தில் ஈர்ப்பு மையம் என்று படித்துப் பாஸானேன். வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்றார்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் ஏறும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுக்கும். மாட்டைப் பூட்டும் முன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து மூட்டையை நகர்த்துவார்கள். எங்கள் லேபில் அதற்கு ஒரு லோடு செல்லும் லேப்டாப்பும் வேண்டியிருந்தது.