மான் தடமும் பன்றிக் குழியும்: பெரும்பாணாற்றுப்படையில் மழையும் வேட்டையும்

பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவரான எயினரின் குடியிருப்பைச் சொல்லும் பகுதியைப் பாலைத் திணைக்குரிய கருப்பொருள் அடுக்காகவே ஆய்வாளர் பலர் கண்டுவந்துள்ளனர். வறண்ட நிலம், வில், நாய், முள்வேலி என மரபு கேட்பவற்றைப் புலவர் நிரல்படத் தந்தார். அதற்கு மேல் அதில் தேட ஒன்றுமில்லை என்பது அவர்கள் முடிபு. அம்முடிபை ஏற்க இயலவில்லை. மழை பொய்க்கும்போது விலங்குகளின் நடமாட்டம் எப்படி மாறுகிறது, அதற்கேற்ப வேட்டுவன் எங்கே, எப்போது, எதற்காகக் காத்திருக்கத் துணிகிறான் என்பதை வரிசை பிசகாமல் சொல்லும் பகுதி அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அப்பகுதியில் மான் மூன்று இடங்களில் தலைகாட்டுகிறது. ஈந்தின் இலை வேய்ந்த குடிலுக்குள், பிள்ளை பெற்றவள் மகவோடு படுத்திருக்கும் படுக்கை மான்தோல். முற்றத்து விளாமரத்தில் கட்டியிருப்பது பார்வை மான், அதாவது காட்டு மானை ஈர்க்கப் பழக்கிய மான். குடியிருப்புக்கு வெளியே, நீருள்ள இடத்தை ஒட்டி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை மான் குளம்படிகள். ஆனால் அத்தடங்களின் அருகே குழியில் ஒடுங்கி நள்ளிரவில் எயினர் எதிர்பார்ப்பது மானை அன்று, வளைந்த கொம்புடைய பன்றியை. அவ்வேட்டை வாய்க்காவிட்டால் மறுநாள் பகலில் நாய்களோடு புதர்களை அலைத்து, வலை மாட்டி முயல் பிடிக்கிறார்கள்.

தடம் மானுடையது, இலக்கு பன்றி. இந்த முரணே முன்னோர் வாசிப்புக்கு வலுவான சான்றாக நின்றது. நேரில் கண்டவர் இப்படிக் கலந்து சொல்லியிருக்க மாட்டார். மான் தடம் இடத்துக்கு அணி, பன்றி வீரத்துக்கு அணி என்றார்கள். ஆனால் விலங்குகளின் வழக்கத்தோடு பொருத்திப் பார்த்தால் முரண் எதுவும் எஞ்சவில்லை.

முதலில் பருவம். மழை பொய்த்த காலம் என்று பாட்டே கூறுகிறது. அதைச் சுற்றியுள்ள செய்திகளும் அதையே உறுதிசெய்கின்றன. எயினப் பெண்டிரான எயிற்றியர் புழுதி படியக் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். ஆழ்ந்த கிணற்றின் வன்மையான ஊற்றில் கிடைப்பது உவர்நீர். உலையில் சேர்வது புத்திறைச்சி அன்று, உலர்த்தி வைத்த ஊன். புழுதி, உவர்நீர், வாடிய ஊன் ஆகிய மூன்றும் தனித்தனியே மரபாக இருக்கலாம். மூன்றும் ஒரே முற்றத்தில் அடுத்தடுத்து வரும்போது மழையற்ற ஒரு பருவத்தின் நெருக்கடியாகக் கொள்வதே பொருத்தம். வேட்டைச் செய்தி இவற்றின் தொடர்ச்சியாகவே வருகிறது.

அடுத்து விலங்கு. மழைக்காலத்தில் புல்லிலும் தழையிலும் ஈரம் உண்டு, பள்ளந்தோறும் நீர் தேங்கும். மான்கள் காடெங்கும் பரந்து மேயும். எந்த ஒரு நீர்நிலையையும் நாடவேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. கோடையில் பசுமை வற்றியதும் எஞ்சிய சில நீரிடங்களைச் சுற்றியே அவற்றின் நாள் கழியும். ஜார்ஜ் ஷாலர் கன்ஹாக் காட்டில் நடத்தி 1967இல் நூலாக்கிய ஆய்வும் புள்ளிமான் வெயில் காலத்தில் நீரை ஒட்டி வாழ்வதைப் பதிவு செய்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துவரங்குறிச்சிக் காடுகளில் இதைக் காண நூல் எதுவும் வேண்டாம். கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் புள்ளிமான் கிணற்றில் விழுவதும், நாய்களிடம் சிக்குவதும், நெடுஞ்சாலையில் அடிபடுவதும் அப்பக்கத்தில் கேட்டுப் பழகிய செய்திகள்.

புள்ளிமான் பெரும்பாலும் பகலிலும் அந்தி சந்தியிலும் நடமாடுவது. பன்றி, மனிதர் தொல்லை உள்ள இடங்களில், இரவை நம்பியே வெளிவரும். ஆகவே பொழுது சாயும் வேளையில் நீரோரத்துக்கு வரும் வேட்டுவன் கண்ணில் படுவது மானின் புதுத்தடம். தடங்கள் பின்னிக் கிடப்பதால் விலங்குகள் பலமுறை வந்துபோன நீர் அது என்று அறிகிறான். மான் வந்துபோன நேரம் கடந்துவிட்டது. இனி வரப்போவது பன்றி. மான் அவனுக்கு அறிகுறி, பன்றி அவனுக்கு இரை. முன்னோர் முரண் என்று கண்டது உண்மையில் ஒரே நீரிடத்தில் இரண்டு விலங்குகள் இறங்கும் முறை.

குழியைப் பற்றிய தொடரை இருவகையில் கொண்டுகூட்டலாம் என்பதை மறைப்பதற்கில்லை. நீர் வேண்டித் தோண்டிய ஊற்றுப் பள்ளத்தைச் சூழ மறைகுழி அமைத்தார்கள் எனலாம். நீர் வேட்கையோடு வரும் விலங்கை நோக்கி வேட்டுவர் தோண்டிய குழி எனவும் கொள்ளலாம். முதலாவதே எனக்கு உவப்பு. எதை ஏற்றாலும், மழையின்மையே குழிக்குக் காரணம் என்பது மாறாது.

இனி முற்றத்துப் பார்வை மான். வேட்டைக்கென்று பழக்கிய மான் வீட்டில் நிற்க, வேட்டுவன் மட்டும் குழிக்குப் போவானேன்? இருளில் பார்வை பயன்படாது, பன்றிக்கு அது தேவையுமில்லை என்பது உடனடி விடை. இன்னொரு விடையைப் புறநானூற்று 320ஆம் பாட்டு தருகிறது. அங்கே முற்றத்தில் முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்து நிழல் அடர்ந்திருக்கிறது. மான்தோலில் தினை உலர்கிறது. வேட்டுவன் உறங்க, பார்வைப் பிணையைத் தேடித் தனிக்கலை ஒன்று வந்து சேர்கிறது. பசுமையும் அறுவடையும் உள்ள பருவம் அது. மான் சிதறித் திரியும் காலத்தில் அதை ஓரிடத்துக்கு வரவழைக்கப் பார்வை வேண்டும். தாகமே அதை இழுத்து வரும் காலத்தில் பார்வை ஓய்ந்து கிடக்கும். ஒரு பாட்டை வைத்து விதி வகுப்பது மிகை. ஆயினும் இரு பாட்டுகளும் ஒன்றையொன்று விளக்கி நிற்பதைத் தற்செயல் என்று தள்ள மனம் ஒப்பவில்லை.

மலைபடுகடாம் இன்னொரு பக்கத்தைக் காட்டும். அங்கே பன்றிக்குப் பொறி நீரோரத்தில் இல்லை. விளைந்த தினைப்புனத்தில் கல் அடார் நிற்கிறது. கதிர் முற்றும் பருவத்தில் பன்றியை இழுப்பது பயிர், வறட்சியில் இழுப்பது நீர். விலங்கு ஒன்றே, வானிலை மாற வேட்டைக்களம் மாறுகிறது. மரபு மட்டுமே புலவர்களை இயக்கியிருந்தால் எந்தப் பொறியை எந்தக் களத்திலும் வைத்திருக்கலாம். அப்படி நிகழவில்லை.

எதிர்வாதங்கள் சில. தடம் புள்ளிமானுடையது என்று எப்படித் தெரியும், குறைந்த நீரில் காலந்தள்ளும் இரலையாக இருக்கலாமே என்பது ஒன்று. இரலையும் கடுங்கோடையில் நீருக்கு வந்தாக வேண்டும். பாட்டு தொண்டை நாட்டைப் பற்றியது, துவரங்குறிச்சி எடுத்துக்காட்டு செல்லாது என்பது மற்றொன்று. இரண்டு நிலமும் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி வாழ்பவை. அதற்கு மேல் விடை தேவையில்லை.

மூன்றாவது சற்றுக் கனமானது. தமிழகத்தில் வேட்டை பெரிதும் சடங்காகவே நினைவில் நிற்கிறது, அதற்கும் வானிலைக்கும் தொடர்பில்லை என்பர். திருவரங்கத்தில் விஜயதசமியன்று உற்சவர் நம்பெருமாள் வேட்டை விழாவுக்கெனக் காட்டழகிய சிங்கர் சந்நிதிக்கு எழுந்தருள்வதைச் சான்று காட்டுவர். அக்கோயிலின் சேஷராயர் மண்டபத் தூண்களில் பாயும் குதிரை மேலிருந்து வீரர் விலங்குகளைக் குத்தும் சிற்பங்களையும் சேர்ப்பர். உண்மைதான், அவ்விழாவின் நாளைக் குறிப்பது பஞ்சாங்கம். அத்தூண்களில் தடமும் இல்லை, நீரும் இல்லை, வேட்டை தவறிய மறுநாளும் இல்லை. சடங்கு வேட்டைக்குத் தோல்வி கிடையாது. எயினர் வேட்டைக்கு உண்டு: நள்ளிரவு வேட்டை தவறினால் பகலில் முயல் என்று பாட்டு அடுத்த வழியையும் சொல்கிறது. பெரிய இரை தப்பியபின் சிறிய இரையால் அன்றைய உலையை நிரப்பும் இக்கணக்கு சடங்கு வேட்டையில் வராது.

இப்பாட்டைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடியவர். கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும், குளங்கள் தோண்டியதையும், உறையூரை விரிவாக்கியதையும் அதில் போற்றுகிறார். குளம் தோண்டுவது உழவனுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நீரிடம் பெருகினால் விலங்கு கூடும் இடமும் பெருகும், குழியில் காத்திருப்பவன் கணக்கும் குலையும். நீரிருக்கும் இடம் எதுவெனக் கூர்ந்து நோக்கிய ஒருவரே இரண்டையும் பாடினார் என்பதை இவ்வாதத்துக்குத் துணையாகக் கொள்கிறேன், நிரூபணமாக அன்று.

எயினர் பகுதியைத் திணை மரபின் பட்டியலாகப் படிப்பது இனிப் போதாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை குற்றம். ஆனால் வறட்சியில் மான் நீரைத் தேடி ஓரிடத்தில் கூடும் வழக்கத்தை எந்தச் சட்டமும் மாற்றவில்லை. கோடையில் காட்டுக்குள் தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்புவோர், அத்தொட்டிக்கு மான் மட்டும் வருவதில்லை, இரைக்காகக் காத்திருப்பவனும் வருவான் என்பதை இப்பாட்டிலிருந்து அறியலாம். தொட்டி வைக்கும் இடத்தில் இரவுக் காவலும் வைக்க வேண்டும்.