ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகள்

ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகள் என்பவை தாமிரபரணி ஆற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் கிடைத்த கத்தி, குறுவாள், வாள், ஈட்டிமுனை, அம்புமுனை, கோடரி, மண்வெட்டி முதலியனவாகும். தென்னிந்திய இரும்புக் காலத்தை அறிய உதவும் முதன்மையான சான்றுகளுள் இவையும் அடங்கும். இவ்வூர் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1986 ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, தற்போது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது.

கண்டுபிடிப்பு

1876 இல் செருமானியரான யாகோர் இங்கு முதன்முதலாக அகழ்ந்தார். அவர் எடுத்த பொருட்கள் பெர்லின் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1899 முதல் 1905 வரையிலான காலப்பகுதியில் அலெக்சாந்தர் ரீ விரிவான அகழாய்வுகளை மேற்கொண்டார். அவர் கண்டெடுத்தவை சென்னை அரசு அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. பின்னர் இந்தியத் தொல்லியல் துறை 2004-05 இலும் 2021 முதலும் இங்கு அகழாய்வு செய்தது.

இறந்தோர் தாழிகளில் அடக்கம் செய்யப்பட்டனர். இரும்புக் கருவிகள் தாழியின் உள்ளும் புறமும் கிடைத்தன. அவை முனை கீழ்நோக்கியவாறு இருந்ததை ரீ குறிப்பிட்டுள்ளார். துக்கத்திற்கு வந்தவர்கள் அவற்றை மண்ணில் குத்தி வைத்திருக்கலாம் என்பது அவரது கருத்து. கலங்களும் அணிகளும் வெண்கலத்தாலும், ஆயுதங்களும் தொழிற்கருவிகளும் இரும்பாலும் செய்யப்பட்டிருந்தன.

செய்முறை

இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பண்டைய சிறு உலைகளில் பொதுவாக இவ்வெப்பம் எட்டப்படவில்லை. எனவே தாதுவும் மரக்கரியும் சேர்த்து ஊதப்பட்ட உலையில், கசடு கலந்த துளைகளுடைய இரும்புக் கட்டியே கிடைத்தது. கொல்லர் அதனை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்துக் கசட்டை நீக்கிய பின்னரே அலகாக வடித்தனர். ஆகவே ஒரு சிறு கத்திக்கும் மிகுந்த கரியும் உழைப்பும் செலவாயின. அத்தகைய பொருளை இறந்தவருடன் விட்டுச் சென்றது, அக்கால மக்கள் ஈமச்சடங்குக்கு அளித்த மதிப்பைக் காட்டுகிறது. மரக் கைப்பிடிகள் பெரும்பாலும் மக்கிவிடுவதால், இத்தகைய இடங்களில் துருவேறிய அலகுகளே எஞ்சுகின்றன.

காலம்

துருப்பிடித்த இரும்பின் காலத்தை நேரடியாகக் கணிப்பது கடினம். எனவே அதனுடன் ஒரே மண்ணடுக்கில் கிடைக்கும் கரி, தானியம் முதலியவற்றின் காலமே கருவிக்கும் கொள்ளப்படுகிறது. கரிமக் காலக்கணிப்பு முறை 1940களின் இறுதியில்தான் உருவானது. ஆகையால் யாகோர், ரீ ஆகியோரின் காலத்தில் அதற்கெனக் கரி மாதிரிகள் சேகரிக்கப்படவில்லை. 2004-05 அகழாய்வில் எடுக்கப்பட்ட இரு மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 ஆகிய காலங்கள் கிடைத்ததாக 2019 இல் அறிவிக்கப்பட்டது.

இதே ஆற்றுப்படுகையிலுள்ள சிவகளையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை எடுத்த கரி மாதிரியொன்றின் காலம் கி.மு. 3345 என, 2025 சனவரியில் வெளியான "இரும்பின் தொன்மை" அறிக்கை கூறுகிறது. இது உலகின் மிகப் பழைய இரும்புப் பயன்பாடுகளுள் ஒன்றாகலாம். எனினும், கரியும் இரும்பும் ஒரே காலத்தவை என்பதை மேலும் பல இடங்களின் சான்றுகளால் உறுதிசெய்ய வேண்டும் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பழைய மரம் எரிந்த கரியாயின், அது கருவியை விட முந்தைய காலத்தைக் காட்டக்கூடும். எனவே ஒரு கத்தியின் வரலாற்று மதிப்பு அதன் உலோகத்தில் மட்டுமன்றி, அது கிடந்த இடத்தின் பதிவிலும் தங்கியுள்ளது.

காட்சியகம்

தாழிகளை அவை கிடைத்த நிலையிலேயே காணத்தக்க களக் காட்சியகம் 2023 ஆகத்து மாதத்தில் ஆதிச்சநல்லூரில் திறக்கப்பட்டது.