தேறலும் தண்மையும்

வாணிகம் பண்டத்தை மாத்திரம் கொணர்வதன்று. பண்டத்தைக் காக்கும் கவலையையும் உடன் கொணர்வது. ஒரு நாட்டில் விளைந்த பொருள் பிறிதொரு நாட்டின் வெப்பத்தை எய்தும்போது, அதனைக் கெடாது வைத்திருப்பது எவ்வாறு என்னும் வினாவும் கரையேறுகின்றது. திராட்சைத் தேறலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் போற்றும் மக்களிடையே இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். குடியைப் புகழ்தல் இதன் நோக்கமன்று. தண்மையை மனிதர் எவ்வாறு தேடினர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஊர்காவற்றுறை அயல்நாட்டுப் பண்டங்களை நெடுங்காலமாக அறிந்த துறை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம், ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகரைப் பற்றியும் உடைந்த கலங்களின் பொருளைப் பகிரும் முறை பற்றியும் கூறுகின்றது. அவ்வூராத்துறை ஊர்காவற்றுறையே என்பது அறிஞர் துணிபு. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவரை வென்ற ஒல்லாந்தரும் இத்துறையின் வாயிலில் நிற்கும் கடற்கோட்டையிற் காவல் இருந்தனர். திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. ஐரோப்பியப் போர்வீரரின் உணவிலும் அது இடம்பெற்றது. ஆயின் ஐரோப்பாவின் குளிர்ந்த நிலவறை இங்கு இல்லை.

தமிழகம் இச்சிக்கலை அதற்கும் முன்னரே கண்டது. யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த தண்ணிய நறுந்தேறலை நக்கீரர் புறநானூற்றிற் குறிப்பிடுகின்றார். 1945இல் மோர்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்விலே, இருபுறமும் கைப்பிடியுடைய யவனச் சாடிகளின் உடைவுகள் வெளிப்பட்டன. அதே புறநானூற்றிற் பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், நிலத்திற் புதைத்து முதிரவைத்த தேறலைக் கூறுகின்றார். இவ்விரு குறிப்புகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அருந்தும்போது தண்ணிதாக இருத்தல் வேறு. நெடுநாள் கெடாது முதிர்தல் வேறு. முன்னது குளிர்வித்தல், பின்னது காத்தல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதலே பிற்காலத்தார் பலரின் பிழை.

குளிர்வித்தற் கலையில் நம்மவர் வல்லவர். மட்பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே கொள்கின்றது; உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது. வறண்ட காற்று வீசும் வட இந்தியாவில் இது மிகுதியாகவும், ஈரம் செறிந்த கடற்காற்று வீசும் தீவகத்திற் சற்றுக் குறைவாகவும் பயன் தரும். அக்பர் அரண்மனையிற் கைக்கொண்ட மற்றொரு முறையை அபுல் பசலின் ‘அயினி அக்பரி’ விளக்குகின்றது. ஒரு சேர் நீர் கொண்ட உலோகக் குடுவையின் வாயை மூடி, இரண்டரைச் சேர் வெடியுப்பும் ஐந்து சேர் நீரும் சேர்ந்த கலவையிற் கால் மணி நேரம் அசைக்க, உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். 1833இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகரிலிருந்து பனிக்கட்டி ஏற்றிய கப்பல் கல்கத்தாவை அடைந்தது. அவ்வணிகத்தை நடத்திய பிரெடரிக் ரியூடர் என்பார் 1842இற் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எனும் கட்டடத்தை எழுப்பினார். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய பெருமையால் இன்று விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று விளங்குவது அதுவே. இவையனைத்தும் அருந்தும் பொழுதுக்குரிய தண்மையையே தந்தன.

காத்தலோ இத்துணை எளிதன்று. தேறல் நெடுநாள் நலங்கெடாது இருத்தற்கு ஏறக்குறைய 12 அல்லது 13 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும். அதுவும் ஏறி இறங்காது ஒரு சீராய் நிலைத்தல் வேண்டும். ஆழ்ந்த நிலத்தின் வெப்பநிலை அவ்விடத்து ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியது. ஆதலின் பிரான்சிலுள்ள சாம்பெயின் நாட்டுச் சுண்ணக்கல் நிலவறைகள் 10 முதல் 12 பாகை வரையில் அமைகின்றன. யாழ்ப்பாணத்தின் சராசரியோ 28 பாகையை அணுகுவது. இங்கு எத்துணை ஆழம் தோண்டினும் சீர்மை கிட்டும், குளிர்மை கிட்டாது. இயந்திரம் தோன்றாத காலத்து வணிகர் வெப்பத்தை மாற்ற இயலாமையின் தேறலையே மாற்றினர். மதேராத் தீவின் தேறலுக்கு வடிசாராயம் சேர்த்து வலிவூட்டினர். அது வெப்பக் கடலிற் பயணம் செய்து சுவை மிகுந்தது.

இந்நிலையை மாற்றியது 19ஆம் நூற்றாண்டின் பொறியியல். ஆவியை அமுக்கிக் குளிர்விக்கும் இயந்திரம் அந்நூற்றாண்டின் பிற்பாதியிற் செம்மையுற்றது. இரு உலோகங்களின் இணைப்பில் மின்னோட்டம் செல்லும்போது ஒருபுறம் குளிரும் என்பதைப் பெல்த்தியே எனும் பிரெஞ்சு அறிஞர் 1834இற் கண்டார். இன்று வீட்டில் வைக்கும் தேறற் குளிர்பெட்டிகள் இவ்விரு நெறிகளில் ஒன்றைத் தழுவியவையே.

1983ஆம் ஆண்டுக்குப் பின் தீவக மக்கள் பலர் பாரிஸ், இலண்டன், ரொறொன்ரோ முதலிய நகரங்களிற் குடியேறினர். அந்நாட்டு வீடுகளிற் கண்ட இப்பெட்டியை ஊரில் எழுப்பும் வீட்டிலும் வைக்க விரும்புவோர் மேற்கூறிய வரலாற்றை நினைதல் நன்று. பெல்த்தியே நெறிப் பெட்டி ஓசையும் அதிர்வும் அற்றது. ஆயின் அறையின் வெப்பத்தினும் ஏறக்குறைய 15 பாகையே குறைக்கவல்லது. 32 பாகை வெப்பமுள்ள அறையில் அது 17 பாகைக்குக் கீழ்ச் செல்லாது. ஆதலின் இங்கு ஏற்றது கொம்பிரசர் எனப்படும் அமுக்கியுடைய பெட்டியே. பெட்டியின் காலநிலை வகுப்பையும் நோக்குதல் வேண்டும். ‘என்’ வகுப்பு 32 பாகை வரையுள்ள அறைக்கும், வெப்பமண்டலத்துக்குரிய ‘ரி’ வகுப்பு 43 பாகை வரையுள்ள அறைக்கும் உரியன. கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று, இலங்கையினது 230 வோல்ற்று. அங்கு வாங்கிய பெட்டி இங்கு நேரே இயங்காது. வெளிச்சம் தேறலைக் கெடுக்குமாதலிற் கதவின் கண்ணாடி ஒளியைத் தடுப்பதாக இருத்தல் வேண்டும். பெட்டி வெளிவிடும் வெப்பம் கழியச் சுவரோடு இடைவெளி விடுதலும் வேண்டும்.

எனினும் இவையனைத்திற்கும் முன் எழ வேண்டிய வினா ஒன்றுண்டு: வேண்டுவது குளிர்வித்தலோ, காத்தலோ? கடைகளில் விற்கும் தேறலிற் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுள் அருந்துதற்கே ஆக்கப்பெறுவது. விருந்தினர்க்கெனச் சில போத்தல்களைச் சில நாள் வைப்போருக்கு வீட்டிலுள்ள சாதாரண குளிர்சாதனப் பெட்டியே போதும். ஆண்டுக்கணக்கில் வைப்போருக்கு அது ஏலாது. அதன் 4 பாகைக் குளிரும் வறட்சியும் தக்கையைச் சுருக்கிக் காற்றை உட்புகுத்தும். 2022இல் நாட்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும் எண்ணுதல் வேண்டும். மின்னை நம்பிய சீர்மை மின்னோடு மறையும்.

நக்கீரர் கூறிய தண்தேறலும் கபிலர் கூறிய புதைதேறலும் ஒரே நூலில் இருப்பினும் இரு வேறு தேவைகளைக் காட்டின. அவ்வேற்றுமையை அறிந்தோர் வேண்டாத பொருளுக்குப் பணம் இழவார். புதிய கருவியைத் தெரிந்தெடுத்தற்கும் பழைய அறிவே முதற்கருவியாதல் இதனாற் பெறப்படும்.