அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபல்வா

அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபல்வா என்பது பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுக்கூட்டத்தில், ஓவாஹு தீவில் மட்டுமே வாழ்ந்து அற்றுப்போன மர நத்தை இனம். வயிற்றுக்காலிகள் வகுப்பில் அக்காட்டினெல்லிடே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஓடு ஏறத்தாழ 2 செ.மீ. நீளமுள்ளது, பளபளப்பானது, நுனி மஞ்சள் நிறம். இது இலையைத் தின்னவில்லை. இலைப்பரப்பில் படரும் பூஞ்சையை இரவில் சுரண்டி உண்டது. ஒரே உடலில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருந்தன. முட்டையிடாமல் குட்டி ஈன்றது. பருவமடையப் பல ஆண்டுகள் ஆனதால், குறைந்த எண்ணிக்கை எளிதில் மீளவில்லை.

கப்பல் தலைவர் ஜார்ஜ் டிக்ஸனுக்கு ஓவாஹுவில் கிடைத்த மாலையில் கோத்திருந்த ஓட்டைக் கொண்டு 1789இல் இவ்வினம் விவரிக்கப்பட்டது. ஹவாய் நிலநத்தைகளில் அறிவியல் உலகுக்கு முதலில் அறிமுகமானது இதுவே. காடழிப்பு, ஓடு சேகரிப்பு, எலிகள் ஆகியவற்றால் இது அருகியது. எல்லாவற்றினும் கொடியது, ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்கவென்று 1955இல் கொண்டுவந்து விடப்பட்ட ஊனுண்ணி ஓநாய் நத்தை; அது உள்நாட்டு நத்தைகளையே வேட்டையாடியது. 1981இல் அக்காட்டினெல்லா பேரினம் முழுவதும் அமெரிக்க அரசின் அருகிய உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

காட்டில் எஞ்சியிருந்த 10 நத்தைகள் 1997இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே பிறந்த, இவ்வினத்தின் கடைசி நத்தையான 'ஜார்ஜ்' இணையின்றித் தனித்து வாழ்ந்து, 2019 ஜனவரி 1 அன்று ஏறக்குறைய 14 வயதில் இறந்தது. 2017இல் அதன் பாதத்திலிருந்து வெட்டியெடுத்த 2 மி.மீ. திசு சான் டியேகோவில் உறைநிலையில் பாதுகாக்கப்படுகிறது.